பூ அறையில் ஒரு கட்டில்

தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில் ரயிலை விட்டிறங்கித் தெற்கே நாசரேத்துப் பக்கமாகச் சென்றால், வயலும் வாழையும் குறைந்து பனை தொடங்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாது விட்டால் அதே பாளையின் நீர் புளித்துக் கள்ளாகும். குடியைப் பற்றி இப்பகுதி மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அதிலிருந்து மீளும் வழியைப் பற்றித்தான் நாம் குறைவாக அறிந்திருக்கிறோம்.

நாம் அறிந்தவை சத்தியமும் சட்டமுமே. தவக்காலத்தில் பீடத்தின்முன் செய்த சத்தியம் பாஸ்கா விழாவன்றே முறிந்துபோன வீடுகள் நம் பங்குகளில் எத்தனை! சட்டத்தின் கதையும் அத்தகையதே. 1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்ந்து, 1974-இல் மீண்டும் வந்து, பின்னர் மறுபடியும் தளர்ந்தது. 2003-இல் அரசு நிறுவனமே சில்லறை மதுக்கடைகளை ஏற்று நடத்தத் தொடங்கியது.

மூன்றாவது வழியொன்று அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில் தோன்றியது. நியூயார்க்கைச் சேர்ந்த பங்குச் சந்தைத் தரகரான பில் வில்சன், குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்த நிலையில், வணிகக் காரியம் ஒன்று தோல்வியுற்று அங்கே தங்கும் விடுதியொன்றில் தனித்து நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் ஆரவாரம். மறுபக்கம் தொலைபேசியும் நகரத்துக் கோவில்களின் பட்டியலும். அவர் குருவானவர் ஒருவரை அழைத்துக் கேட்ட உதவி விந்தையானது: தம்மோடு பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்றார்! அவ்வாறு அறிமுகமானவரே அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித். கால் மணி நேரம் மட்டும் என்று நிபந்தனையிட்டு வந்த அம்மருத்துவர் பல மணி நேரம் அமர்ந்துவிட்டார். வந்தவர் உபதேசம் செய்யவில்லை. தம் கதையைச் சொன்னார். பிறரைக் காப்பாற்றுவதற்கு முன், தாம் விழாதிருக்கவே அவருக்கு இன்னொருவர் தேவைப்பட்டார். ஜூன் 10-ஆம் நாள் ஸ்மித் தமது கடைசி மதுவை அருந்தினார். ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அந்நாளையே தன் பிறந்த நாளாகக் கொள்கிறது.

ஆனால், அளவுகடந்து குடித்துப் பழகிய உடலில் மதுவைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்து. பேச்சுக்கு முன் ஒரு கட்டில் வேண்டும். அந்நாளில் குடிகாரர் என்று தெரிந்தால் மருத்துவமனைகள் கதவடைத்தன. ஆக்ரன் நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் சேர்க்கைப் பதிவு மேசையில் இருந்தவர் அயர்லாந்தில் பிறந்த அருட்சகோதரி இக்னேஷியா. இசை ஆசிரியையாக இருந்து, உடலும் மனமும் தளர்ந்து நோயுற்றபின், இலேசான வேலை என்று அவருக்குத் தரப்பட்ட மேசை அது. உடைந்து மீண்டவருக்கே உடைந்தவரின் முகம் தெரியும் போலும். 1939 ஆகஸ்டில் மருத்துவர் ஸ்மித் அழைத்து வந்த நோயாளியை அவர் கடும் இரைப்பை அழற்சி என்று பதிந்து அனுமதித்தார். இது பொய்யா என்பதை அறநெறி வல்லுநர்கள் ஆராயட்டும்! மறுநாள், குடியை விட்ட நண்பர்கள் வந்து தனிமையில் பேச இடம் வேண்டும் என்றார் ஸ்மித். நோயாளிகளுக்கு வரும் பூக்களை ஒழுங்குசெய்யும் சிற்றறை ஒன்றே இருந்தது. கட்டில் அதனுள் தள்ளப்பட்டது. 1950-இல் ஸ்மித் இறக்குமுன் ஏறத்தாழ 5,000 பேர் அம்மருத்துவமனையில் அவ்விருவரின் பராமரிப்பைப் பெற்றனர்.

1940-இன் குளிர்கால இரவொன்றில் இயேசு சபை அருட்தந்தை எட்வர்ட் டவ்லிங், மூட்டுநோயால் கைத்தடி ஊன்றி நியூயார்க்கில் வில்சனைத் தேடிச் சென்றார். ஏ.ஏ.யின் பன்னிரு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமை அவரை ஈர்த்திருந்தது. வில்சனோ அப்பயிற்சிகளை அறியாதவர். குற்றங்களை இன்னொரு மனிதரிடம் திறந்து சொல்லும் ஐந்தாம் படி நமக்குப் புதியதன்று. ஆயினும் அது ஒப்புரவு அருட்சாதனம் ஆகாது. எச்சமயத்தாரும் வரலாம்; குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே போதும்.

இந்தியாவில் ஏ.ஏ. 1957-இல் வேரூன்றியது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, இது நோய் என்றும் குடும்பத்தாருக்கும் சிகிச்சை வேண்டும் என்றும் தமிழகத்துக்கு உணர்த்தியது. மனைவியர் முதலிய உறவினருக்கென ஆல்-அனான் எனும் கூட்டமும் உண்டு.

கட்டணமில்லை, பெயர்ப் பதிவேடில்லை. ஆயினும் நம்மைப் போன்ற சிற்றூர்களில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். உள்ளூரில் வாசற்படி ஏறுவதைவிடப் பேருந்தேறி அடுத்த ஊர்க் கூட்டத்துக்குச் செல்வது முதன்முறை வருபவருக்கு எளிதாக இருக்கலாம். அதை யாரும் இகழ வேண்டாம். வெளியாரின் நன்கொடையை ஏ.ஏ. ஏற்பதில்லை, கொடுக்கும் இடத்துக்கு வாடகையும் செலுத்திவிடும். மறைக்கல்வி முடிந்து மாலையில் பூட்டிக் கிடக்கும் அறைகள் நம் பங்குகளில் இருக்கின்றன.

இக்னேஷியா அம்மையார், நலமடைந்து செல்லும் ஒவ்வொருவரிடமும் இயேசுவின் திருஇருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிக்க எண்ணினால், முதல் மிடறுக்கு முன் வந்து அதைத் தம்மிடம் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பதே அவர் கேட்ட ஒரே வாக்குறுதி.