கல்லும் கோடும்: தென்னாட்டுச் சிற்பப் படங்களின் சரித்திரம்

பழைய கட்டடங்களையும் சிற்பங்களையும் படமாக்கி வைத்த சரித்திரத்தை எழுதப் புகுவோர், தூரிகைச் சித்திரம், அளவுப்படம், ஒளிப்படம் என்ற வரிசையிலே மனிதன் படிப்படியாக உண்மையை நெருங்கி வந்தான் என்றும், ஒளிப்படம் தோன்றிய நாள் முதல் கையால் இழுத்த கோட்டுக்கு வேலை இல்லாமற் போயிற்று என்றும் கருதிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. தென்னிந்தியாவில் 1790-களிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் உண்டான படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்களுக்கு இவ்வபிப்பிராயம் நிலைக்காது. படம் எழுதியவன் கல்லினிடம் எதைக் கேட்டானோ அதற்கே படம் விடை சொல்கிறது; அவன் கேளாதது, கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அதில் அகப்படுவதில்லை.

கட்டடத்தைச் சித்திரமாக எழுதும் பழக்கம் ஐரோப்பியர் கொண்டுவந்து கொடுத்ததன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் காலத்து வண்ணப்பூச்சின் கீழே நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி அவர்களால் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களிலே, தில்லைச் சிற்றம்பலம் அதனுள் ஆடும் பெருமானோடு எழுதப்பட்டிருக்கிறது. தூண்களின் உயரத்தையும் கூரையின் சரிவையும் அளந்து சொல்வது அவ்வோவியனுடைய நோக்கமாயிருந்திராது. எந்தச் சந்நிதியில் யார் நின்று வணங்குகிறார் என்பதே அவனுக்கு முக்கியம். அந்த அளவில் அவன் படம் பூரணமானது.

வேறொரு நோக்கத்தோடு வந்தவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும். 1792-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு, மைசூர்ப் பக்கமாகச் சென்று, மதுரை, பாபநாசம், இராமேசுவரம், தஞ்சை, திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களைச் சுற்றி, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் திரும்பினார்கள். கண்ணாடி வில்லையின் வழியே எதிரிலுள்ள காட்சியைத் தாளின்மீது விழச் செய்யும் இருட்பெட்டியின் உதவியால் உருவங்களைப் பிடித்து, இங்கிலாந்து சென்றபின் செப்புத்தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் முறையில், 1795 முதல் 1808 வரையில், 144 படங்களாக வெளியிட்டார்கள். தஞ்சை விமானமும், திருச்சி மலையும், மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையும், மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்களும் மேனாட்டு வீடுகளின் சுவர்களுக்கு இவ்வாறு சென்றன. இவர்களைக் கற்பனைக்காரர் என்று தள்ளுவது நியாயமாகாது. கட்டடத்தின் பொது உருவத்தில் அவர்கள் கண் பெரும்பாலும் தவறியதில்லை. ஆயினும் விமானத்தின் ஒரு தளத்திலுள்ள கோட்டத்தில் எந்த மூர்த்தி இருக்கிறார் என்று கேட்டால், மரநிழலையும் மாலைவெளிச்சத்தையும் காட்டிவிட்டு அப்படம் பேசாமல் இருந்துவிடும்.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் கிருஷ்ணா நதிக்கரையில் நடந்த காரியம் இச்சரித்திரத்திலேயே மிகப் பெரிது என்பது என் எண்ணம். அமராவதியில் 'தீபாலதின்னெ' என்று வழங்கிய மேட்டை, அவ்வூரைத் தம் தலைநகராக்கிக்கொண்ட வாசிரெட்டி வேங்கடாத்திரி நாயுடு என்ற ஜமீன்தாரின் ஆட்கள் கட்டடக் கற்களுக்காகத் தோண்டியபோது, சிற்பம் செறிந்த பலகைகள் வெளிப்பட்டன. செய்தி கேட்டுக் காலின் மெக்கன்சி 1798-இல் அங்கே சென்றார். அவர் அப்போது நில அளவைத் தொழிலில் இருந்த ஓர் இராணுவ உத்தியோகஸ்தர். இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக 1815-இல் நியமனம் பெற்று, மறுவருஷம் படம் வரைவோருடன் அவர் திரும்பி வந்தபோது, மேட்டின் நடுப்பாகம் குடையப்பட்டுக் குளமாகிக்கொண்டிருந்தது. பளபளப்பான சுண்ணாம்புக்கல் ஆதலால், பல பலகைகள் சூளையில் வெந்து சுண்ணாம்பாகியும் போயின.

மெக்கன்சியின் உதவியாளர்கள் 1816 முதல் செய்த வேலை அழகுணர்ச்சிக்காகச் செய்ததன்று. எஞ்சிய பலகைகளைத் தனித்தனியே எடுத்து, உடைந்த இடத்தை உடைந்தபடியே காட்டி, நிழலை அளவாக இட்டு எழுதினார்கள். மேட்டின் தலவரைபடம் 1817-இல் எழுதப்பட்டது. அவர்களிற் பெரும்பாலோர் அச்சிற்பங்கள் எந்தச் சமயத்தைச் சார்ந்தவை என்றுகூட அறிந்திருக்க மாட்டார்கள். சமணக் கோயில் என்றே அக்காலத்தில் அதனைக் கருதினார்கள். பொருள் தெரியாதவன் எழுதிய படத்தில் பொருள் தெரிந்தவனுடைய திருத்தம் புகுவதற்கு இடமில்லை என்பதால், அவ்வறியாமைகூட நமக்கு ஒரு வகையில் அநுகூலமாயிற்று. புத்தர் பெருமானின் ஜாதகக் கதைகளை அடையாளம் கண்டுகொள்ள வல்ல அறிஞர்கள் பிற்காலத்தில் வந்தபோது, கற்கள் பல இல்லை, கோடுகள் இருந்தன.

அமராவதியில் இன்னொரு வியப்பும் உண்டு. அந்த மேடாய்க் கிடந்த பௌத்த ஸ்தூபியின் அடிப்பாகத்தைப் போர்த்திய பலகைகள் சிலவற்றில் அந்த மகாஸ்தூபியின் வடிவமே, அண்டமும் வேதிகையும் வாயிலுக்கு எதிரே நிற்கும் ஐந்து ஐந்து ஆயகத் தூண்களுமாக, முழுமையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அழிந்த கட்டடத்தை மனத்தில் மறுபடி எழுப்ப முயன்ற ஆராய்ச்சியாளர் எல்லோரும், அளவுகளுக்கு மெக்கன்சியின் வரைபடத்தையும், தோற்றத்துக்கு இப்பலகைகளையும் நாடியிருக்கிறார்கள். தன்னைத் தானே படமெடுத்து வைத்துக்கொண்ட கட்டடம் என்று அதனைச் சொல்லலாம்.

1845-இல் சர் வால்டர் எலியட் அங்கே மறுபடியும் அகழ்ந்து சென்னைக்கு அனுப்பிய கற்கள் வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்தன. 1858-இல், அவற்றிற் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறுவதற்கு முன், சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக நியமனம் பெற்றிருந்த லின்னேயஸ் டிரைப் அவற்றைப் படமெடுத்தார். பின்னர் ஜேம்ஸ் பெர்குசன் 1868-இல் அமராவதிச் சிற்பங்களையும் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டபோது, ஒளிப்படங்களோடு மெக்கன்சியின் கோட்டுச் சித்திரங்களையும் சேர்த்தே அச்சிட வேண்டியதாயிற்று. ஒளிப்படத்தின் முன் வந்து நிற்பதற்கு அச்சித்திரங்களிலுள்ள கற்கள் பல மிஞ்சியிருக்கவில்லை அல்லவா?

டிரைப்பின் புகழ் அமராவதிப் படங்களைவிட அவர் தமிழ்நாட்டில் எடுத்தவற்றாலேயே நிலைத்தது. 1857-இன் இறுதியில் புறப்பட்டு, சேலம் ஜில்லாவிலுள்ள இராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு என்று மாட்டுவண்டிகளில் கருவிகளோடு அவர் சுற்றினார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டிய முறை நம் நாட்டு வெயிலில் தொல்லை தருவது. ஆகவே மெழுகேற்றிய தாளை முன்னதாகவே பக்குவம் செய்து எடுத்துச் சென்று, பிறகு ஆறுதலாக உருவேற்றும் முறையை அவர் பெரிதும் கையாண்டார். அத்தாளுக்கு நெடுநேர வெளிச்சம் வேண்டும். நடமாடும் மனிதர் அதில் பதிவதில்லை. மதுரைக் கோயிலும் தஞ்சைக் கோயிலும் ஆள் அரவம் அற்ற பாழிடங்கள் போல் அப்படங்களில் தோன்றுவதைக் கண்டு, நம் கோயில்களைக் கைவிடப்பட்ட சின்னங்களாக எண்ணிக்கொண்ட மேனாட்டார் இருந்திருந்தால், அந்தப் பழியில் ஒரு பங்கு ரசாயனத்தைச் சாரும். வானம் வெறுமையாகப் பதிந்த இடங்களில் டிரைப் எதிர்ப்படிவத்தின்மீது தூரிகையால் மேகங்களைத் தீட்டினார் என்பதையும் மறத்தல் ஆகாது. இயந்திரத்தின் சாட்சியத்தில் கை புகவில்லை என்று சாதிப்பவர்கள் அம்மேகங்களை ஒருமுறை பார்க்கட்டும்.

ஆனால் அவரே தஞ்சையில் செய்த ஒரு காரியம், டேனியல் குடும்பத்தாரின் அழகிய தஞ்சைக்கும் மெக்கன்சியின் வறண்ட அமராவதிக்கும் இல்லாத புது நோக்கம் உடையது. பெரிய கோயில் விமானத்தின் அதிஷ்டானத்தில் ஓடும் கல்வெட்டை, அடியடியாகக் கருவியை நகர்த்தி, 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றாக ஒட்டிச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கோயிலை வாசிக்க வேண்டிய நூலாகப் பாவித்த முதல் படங்களுள் அது ஒன்று. எனினும் அந்த நூல் அப்படத்தின் மூலம் வாசிக்கப்பட்டுவிடவில்லை. வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் வெட்டெழுத்து நிழலால் துலங்கும். நேரே விழுந்தால் மங்கிவிடும். ஒளியை நம்பிய கருவிக்கு ஒளியே எதிரி. அரசாங்கச் சாசன ஆராய்ச்சியாளர் ஹுல்ட்ஷ் 1891 முதல் தஞ்சைச் சாசனங்களை அச்சிட்டபோது, ஈரத்தாளைக் கல்லின்மேல் தட்டி மையொற்றி எடுக்கும் மைப்படியே ஆதாரமாக நின்றது. தலமாகாத்மியம் கரிகாலனுக்கு உரியதாக்கி வந்த கோயில் முதலாம் இராஜராஜனுடையது என்பது இச்சாசன ஆராய்ச்சியால் ஐயமற நிலைபெற்றது. டிரைப்பின் பதவியோ அதற்கு வெகுகாலம் முன்பே முடிந்துபோயிருந்தது. 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் அவ்வேலையை வீண்செலவாகக் கருதி நிறுத்திவிட்டார்.

இவ்வளவுக்கும் நடுவே, யாரும் கேளாத கேள்வியைக் கேட்ட ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். தஞ்சையிற் பிறந்து பெங்களூரில் நீதிபதியாயிருந்த ராம் ராஸ், மானசாரம் முதலிய சிற்ப சாஸ்திரங்களை ஸ்தபதிகளின் துணைகொண்டு ஆராய்ந்து எழுதிய நூல், அவர் காலமான பின் 1834-இல் லண்டன் ராயல் ஆசியக் கழகத்தாரால் 48 படங்களோடு வெளியாயிற்று. அப்படங்களில் வானமும் இல்லை, மரமும் இல்லை; உபபீடம், அதிஷ்டானம், ஸ்தம்பம், பிரஸ்தரம் என்று உறுப்புகளின் பிரமாணம் மட்டுமே உண்டு. இக்கோயில் எப்படித் தோன்றுகிறது என்று மற்றவர்கள் கேட்டிருக்க, எவ்விதியால் இப்படிக் கட்டப்பட்டது என்று கேட்டவர் இவர். நூலுக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள தூரத்தை அவர் போதுமான அளவு காட்டவில்லை என்பது உண்மையே. எனினும் பின்வந்தவர்களுக்கு உறுப்புகளின் பெயரைக் கற்பித்தவர் அவரே.

அப்பெயர்களைக்கொண்டு காலத்தைக் கணித்தவர் புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த ழூவோ துப்ரேய். 1914-இல் பாரிஸில் வெளியான அவருடைய நூலில் ஒளிப்படங்கள் இருந்தபோதிலும், வாதத்தை நடத்திச் செல்பவை சிறு கோட்டுச் சித்திரங்களே. தூணின்மேல் உத்தரத்தைத் தாங்கும் பல்லவர் போதிகையின் வளைவு சோழர் காலத்தில் சாய்வெட்டாக மாறுவதையும், விஜயநகர காலத்தில் அதன் நுனி பூமொட்டாகத் தொங்குவதையும், கூடு என்னும் அலங்காரம் நூற்றாண்டுதோறும் உருமாறுவதையும் ஒரு வரிசையில் வைத்து, சாசனமே இல்லாத கோயிலுக்கும் அவர் காலம் சொன்னார். ஒளிப்படம் தூணையும் தூசியையும் பின்னாலுள்ள பந்தற்காலையும் வேறுபாடின்றிக் காட்டும். வளைவு மட்டும் வேண்டியவனுக்கு அதனைப் பிரித்துக் கொடுப்பது பென்சில்தான். சென்னை அருங்காட்சியகத்து அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1942-இல் நூல் எழுதிய சி. சிவராமமூர்த்தி அவர்களும், கற்கள் கண்ணெதிரே இருந்தும், ஒளிப்படக் கருவி கையெட்டும் தூரத்தில் இருந்தும், அவற்றில் காணும் அணிகலன்களையும் ஆடைகளையும் ஆயுதங்களையும் தம் கையாலேயே கோட்டுச் சித்திரங்களாக எழுதித் தொகுத்திருக்கிறார்.