இளவட்டக்கல்லில் இல்லாத இரண்டரை கிலோ

பொங்கலுக்கு அரிமளம் போயிருந்தப்போ பெரியப்பா கேட்டார்: "ஜிம்முக்குப் போறியாமே, இளவட்டக்கல்லத் தூக்கிருவியாப்பா?" சிரிச்சு மழுப்பிட்டேன். இருபது வருஷமா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தே வேலை பார்த்தவன் நான். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மாடிக்குத் தூக்கிப்போனாலே முதுகு பிடிச்சுக்கும். ஸ்குவாட், டெட்லிஃப்ட் ரெண்டிலும் வலு ஏற எந்தப் பயிற்சி முறையை எடுக்கலாம் என்று மூணு மாசமா குழம்பிக்கிட்டிருந்தேன். பெரியப்பாவின் கேள்விதான் கொஞ்சம் தெளிவு கொடுத்தது.

இளவட்டக்கல் என்பது நம்ம கிராமங்களில் கோயில் முன்னாலோ மந்தையிலோ கிடக்கும் உருண்டைக் கல். கல்யாணக்கல் என்றும் சொல்வாங்க. தூக்கிக் காட்டினவனுக்குத்தான் பெண் கொடுப்பாங்க என்று பேச்சு. கைப்பிடி கிடையாது, வழவழவென்று இருக்கும். குத்தவைத்து, கல்லைக் கட்டிப்பிடித்து, தரையிலிருந்து கிளப்பித் தொடைக்குக் கொண்டுவரணும். அங்கிருந்து நெஞ்சோடு அணைத்து எழுந்து, தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடணும். முதல் பாதி டெட்லிஃப்ட், அடுத்தது ஸ்குவாட். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இன்றும் போட்டி நடக்கிறது. 129 கிலோ வரை பல எடைகளில் கற்கள் இருக்கின்றன, பெண்களும் தூக்குகிறார்கள்.

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. ஐஸ்லாந்தின் திரித்விக் அருகே உள்ள கடற்கரையில் 23, 54, 100, 154 கிலோவில் நாலு கற்கள் உண்டு. மீன்பிடிப் படகில் வேலை கேட்டு வருபவனுக்கு எவ்வளவு வலு என்று அதை வைத்துத்தான் பார்த்தார்கள்.

இந்த எண்களைப் பாருங்க. 54-க்கு அடுத்த கல் 100. நடுவில் 46 கிலோ இடைவெளி. 54-ஐத் தூக்கினவன் அடுத்த வாரம் எதைத் தூக்குவான்? அதனால்தான் கல்லை நான் பரீட்சை என்கிறேன், பாடம் என்று சொல்லமாட்டேன். பாடம் வேறு இடத்தில் நடந்தது: கவலை இறைத்ததில், மண்வெட்டி பிடித்ததில், நெல் மூட்டை சுமந்ததில். சின்ன வயசில் சின்ன மூட்டை, வளர வளரப் பெரிய மூட்டை. அந்த வேலை எதையும் செய்யாத நான் நேரே பரீட்சைக்குப் போனால் முதுகுதான் போகும்.

தண்டால், பஸ்கி இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல பயிற்சிதான். ஆனால் 50 பஸ்கி 100 ஆகும்போது எண்ணிக்கைதான் கூடுகிறது, சுமை அதே உடம்புதான். தம் கூடும், பெரிய எடையைக் கிளப்பும் வலு அதே அளவுக்குக் கூடாது.

எடையைக் கணக்காக ஏற்றுவதை மருத்துவத்தில் முறைப்படுத்தியவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களின் கால்களுக்கு வலுவூட்ட அவர் செய்த பயிற்சி பற்றிய கட்டுரை 1945-இல் வந்தது. முதலில் பத்துப் பத்தாக 7 முதல் 10 செட் கொடுத்தார். 1948-இல் வாட்கின்ஸுடன் சேர்ந்து அதை 3 செட்டாகக் குறைத்தார். பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எதுவோ, அதில் பாதி, முக்கால், பிறகு முழுசு. வலு ஏற ஏற அந்த எடையும் ஏறும். 1976-இல் பில் ஸ்டார் தன் புத்தகத்தில் பிரபலமாக்கிய ஐந்து செட், ஐந்து தடவை முறைக்கும் அடிப்படை இதே ஏற்றம்தான்.

ஆக, எந்த முறையை எடுத்தாலும் ரெண்டு கேள்வி கேட்டால் போதும் என்று தோணுது. எடை எப்போ, எவ்வளவு கூடும்? தூக்க முடியாமல் போனால் என்ன செய்யணும்? இதுக்குப் பதில் இல்லாத அட்டவணை வெறும் உடற்பயிற்சிப் பட்டியல்.

நான் எடுத்தது எளிய முறை. வாரம் மூணு நாள். ஸ்குவாட் ஐந்து தடவையாக 3 செட். டெட்லிஃப்ட் உடம்பை அதிகம் அசத்துவதால் ஐந்து தடவை ஒரே செட். வெறும் 20 கிலோ கம்பியில் ஆரம்பித்தேன். முடிகிற ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ கூட்டுவேன். ஒரே எடையில் மூணு முறை தவறினால் பத்து சதவீதம் குறைத்துத் திரும்ப ஏறுவேன். காகிதக் கணக்குப்படி வாரத்துக்கு 7.5 கிலோ, பன்னிரண்டு வாரத்தில் 90 கிலோ கூடணும். உடம்பு அந்தக் கணக்கைக் கேட்காது. நாற்பதுக்கு மேல் கொஞ்சம் முன்னாடியே நின்றுவிடும். அப்போ வாரம் ஒரு முறை ஏற்றினால் போதும்.

இப்போ ஸ்குவாட் 60-இல் நிற்கிறது. இளவட்டக்கல் இன்னும் ரொம்ப தூரம். அரிசிச் சிப்பம் மட்டும் மாடிக்குப் போயிருச்சு, முதுகு பிடிக்காமல். அடுத்த பொங்கலுக்குப் பெரியப்பாவிடம் சொல்ல இப்போதைக்கு அது போதும்.