கோட்ஸில்லாவும் நம்ம ஊர் செல்போன் பறவையும்



இன்ஜினீயர் ஆச்சே, மெஷின் பற்றி எழுதுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் எழுதப் போவது சினிமா அரக்கர்களைப் பற்றி. சிரிக்காதீங்க, இதிலும் சரித்திரம் இருக்கிறது.

1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் இஷிரோ ஹோண்டாவின் 'கோட்ஸில்லா' வெளிவந்தது. அன்றைய அரக்கன், அணுகுண்டு பயத்தின் உருவம்.

1960-ல் ஜப்பான் அரசு, பத்தாண்டில் தேசிய வருமானத்தை இரட்டிப்பாக்கத் திட்டம் போட்டது. டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றும் வீட்டின் பொக்கிஷங்கள் ஆயின. அரக்கர்களின் வேலையும் மாறியது. 1962-ல் ஹோண்டா எடுத்த படத்தில், டி.வி. விளம்பரத்துக்காக ஒரு மருந்துக் கம்பெனி கிங்காங்கையே பிடித்துவரச் சொல்கிறது! 1964-ல் வந்த மோத்ரா படத்தில், கரை ஒதுங்கிய ராட்சத முட்டையை மீனவர்களிடம் விலைக்கு வாங்கிக் காட்சிப்பொருளாக்கப் பார்க்கிறார் ஒரு வியாபாரி. பயந்து ஓட வேண்டியதையும் காசாக்கும் புத்தியை ஹோண்டா கிண்டல் செய்தார்.

நம்ம கதைக்கு வருவோம். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல். அடுத்த 23 ஆண்டில், ஷங்கரின் '2.0' படத்தில், ஜனங்கள் கையிலிருந்த செல்போன்கள் பறந்துபோய் ஒரு ராட்சதப் பறவையாகச் சேர்ந்தன. டவர் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்ற படத்தின் வாதம் விஞ்ஞானத்தில் நிரூபணமாகவில்லை. ஆனால் நாம் வாங்கிக் குவித்ததே அரக்கனாகித் திரும்பி வருவது, பொருத்தமான கற்பனைதான்.

அந்தப் படத்தில் ஒருத்தரை மட்டும் காணோம். போனைச் செய்தவர்! நசரத்பேட்டையைத் தாண்டிப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரில், 2006-ல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர், அதிலும் பெரும்பாலும் இளம்பெண்கள், ஷிஃப்டு பஸ்ஸில் போய்வந்தார்கள். 2014 நவம்பர் 1-ல் அங்கே உற்பத்தி நின்றது. நான்கு வருஷம் கழித்துப் படம் வந்தபோது, வாங்கியவன் இருந்தான், விற்றவன் இருந்தான். செய்த கை இல்லை. ஹோண்டா படத்தில் முட்டையை விற்ற மீனவர்களுக்காவது ஓர் இடம் இருந்தது.

அந்த வட்டாரத்தில் இன்றும் போன்கள் தயாராகின்றன. தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களில் யாராவது அரக்கர் படம் எடுத்தால், அந்த ஷிஃப்டு பஸ்ஸுக்கும் ஒரு காட்சி வையுங்கள்.