பட்டம் பெயரான கதை

உருதுக் கவிஞர் காலிப்பின் (1797 - 1869) முழுப்பெயர் மிர்ஸா அசதுல்லாஹ் கான் காலிப். இப்பெயரில் இரு பட்டங்கள் உறைந்துள்ளன.

தலைவனைக் குறிக்கும் 'அமீர்' என்ற அரபுச் சொல்லும், 'பிறந்தவன்' எனப் பொருள்படும் 'ஸாதா' என்ற பாரசீகச் சொல்லும் இணைந்த 'அமீர்ஸாதா'வே 'மிர்ஸா' எனக் குறுகிற்று. தைமூரின் வழித்தோன்றல்கள் ஆட்சி புரிந்தபோதும் மிர்ஸாக்களே. 1507 இல் காபூலில் பாபர்தான் தம்மைப் 'பாதுஷா' என அழைக்கச் செய்தார். 'கான்' என்பதோ துருக்கிய, மங்கோலியத் தலைவர்களின் பட்டம்.

1850 இல் மன்னர் பகதூர் ஷா ஸபர் காலிப்புக்குப் புதிய பட்டங்களைச் சூட்டினார். 1858 இல் மன்னரே ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டார். பட்டம் வழங்கிய அரசவையும் மறைந்தது.

இன்று நாவில் நிலைத்திருப்பது, கவிஞர் தாமே சூடிக்கொண்ட புனைபெயர்தான். 'காலிப்' என்றால் வெற்றி கொண்டவன்.