சாயம் கசியும் மதராஸ் துணி

சாயம் கசியும் மதராஸ் துணி என்பது இயற்கைச் சாயம் தோய்த்த பருத்தி நூலால் கட்டம் கட்டமாகக் கைத்தறியில் நெய்யப்பட்ட துணி வகையாகும். துவைக்கும்போது வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்குவது இதன் இயல்பு. சென்னையின் பழைய பெயராலேயே இது அறியப்படுகிறது.

வரலாறு

1958 ஆம் ஆண்டு அமெரிக்க இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன், பின்னாளில் லீலா விடுதிகளை நிறுவிய சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் இத்துணியை வாங்கி, புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்ற குறிப்பு வாடிக்கையாளரைச் சென்றடையாததால் புகார்கள் எழுந்தன. பின்னர் சாயம் கசிவது உறுதி எனப் பொருள்படும் விளம்பரத்தால் அக்குறையே சிறப்பாக்கப்பட்டது.

காரணம்

நூலுடன் உறுதியாகப் பிணையாத சாயம் நீரில் வெளியேறிப் பிற நூல்களில் ஏறுகிறது. வெந்நீர் இதனை விரைவாக்கும். அடர்நீல ஜீன்ஸ் துணியிலுள்ள இண்டிகோ நீரில் கரையாதது. எனினும் பெரும்பாலும் நூலின் மேற்பரப்பிலேயே தங்குவதால் உராய்வில் உதிர்ந்து பிற துணிகளில் ஒட்டுகிறது.

துவைக்கும் முறை

* இரு வகைத் துணிகளையும் தனியாகக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும்.
* ஜீன்ஸை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிக்கொள்ள வேண்டும். தூரிகையால் தேய்க்கக் கூடாது.
* நெடுநேரம் ஊறவைப்பதும், ஈரத்துடன் குவித்து வைப்பதும் கறையை உண்டாக்கும்.
* நிழலில் உலர்த்த வேண்டும்.

புதுத்துணியை உப்பு நீரில் ஊறவைக்கும் வழக்கம் வீடுகளில் உண்டு. ஆயினும் உப்பு, சாயத்தை நூலுடன் நிரந்தரமாகப் பிணைப்பதில்லை.