ஒதுங்கி நிற்கும் மண்டபம்

புராதனச் சின்னமொன்றைக் காண வருவோர்க்கு மண்டபம் அமைக்கப் புகும் கட்டடச் சிற்பி, தன் கைத்திறனைக் காட்டுவது எங்ஙனம் என்பதற்கு முன்னால், அதனை எவ்வளவு தூரம் அடக்கிக்கொள்வது என்பதையே ஆலோசிக்கக் கடமைப்பட்டவன் என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்தின் சாலிஸ்பரிச் சமவெளியில் ஏறக்குறைய 4,500 ஆண்டுகளாக நிற்கும் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தின் சமீப காலச் சரித்திரம் இதற்குச் சாட்சி.

1915இல் ஏலத்தில் 6,600 பவுனுக்கு வாங்கிய செசில் சப் என்பார், மூன்றாண்டுகளில் தேசத்துக்கே தானமாக அளித்துவிட்ட அக்கற்களுக்கு வெகு அருகில், பிற்காலத்தில் டிக்கெட் கூடமும், வாகனம் நிறுத்தும் மைதானமும், தரைக்கடியில் ஒரு நடைபாதையும் எழுந்து, பக்கத்திலேயே ஏ344 நெடுஞ்சாலையும் இரைந்துகொண்டிருந்தமையால், 1993இல் பாராளுமன்றத்தின் கணக்குக் குழுவே இதனைத் தேசத்துக்கு அவமானம் என்று கண்டித்தது. கண்டித்த பின்னும் இருபதாண்டுகள் சென்றன. திட்டங்கள் வரையப்படுவதும் கைவிடப்படுவதுமாக இருந்தன.

2013 டிசம்பரில் திறக்கப்பட்ட இன்றைய மண்டபம், மெல்போர்னைச் சேர்ந்த டென்டன் கார்க்கர் மார்ஷல் நிறுவனத்தார் வகுத்தது. கற்களுக்கு மேற்கே சுமார் 2.4 கிலோமீட்டர் தூரத்தில், கல்வட்டத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தோன்றாதவாறு, கண்ணாடியாலானது ஒன்றும் மரப்பலகை போர்த்தியது ஒன்றுமாக இரண்டு கூடங்கள் அடங்கியிருக்க, அவ்விரண்டுக்கும் மேலே, சமவெளியின் மேடுபள்ளங்களைப் போலவே நெளிந்த மெல்லிய கூரையொன்று, இளமரங்கள் போல் இப்படியும் அப்படியுமாகச் சாய்ந்த 211 ஒல்லியான தூண்களின்மீது நிற்கிறது. பக்கங்கள் திறந்திருப்பதால் சாரலும் காற்றும் அடிக்கும் நாளில் அக்கூரையின் ஒய்யாரம் போதிய அடைக்கலமாகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், புதையுண்ட சுவடுகள் சிதையாதிருக்கும்பொருட்டு ஆழமான அஸ்திவாரம் தோண்டாமல் கான்கிரீட் தளமொன்றின்மீதே கட்டி, என்றேனும் வேண்டாமெனத் தோன்றினால் நிலத்தில் வடுவின்றி அகற்றிவிடலாமென்று வகுத்த அந்த விநயத்துக்காக எக்குறையையும் பொறுக்கலாம். தன் படைப்பு ஒருநாள் கழற்றப்படுவதற்கு முன்கூட்டியே சம்மதிக்கும் சிற்பி அபூர்வம்.

மண்டபத்தினும் பெரிய காரியம், ஏ344 சாலையைக் கற்களருகே மூடிப் புல் விதைத்தது. கல்வட்டத்துக்குச் செல்லும் ‘அவென்யூ’ என்னும் ஆதிகால வீதியை அச்சாலை குறுக்கே அறுத்திருந்தது. தாரைப் பெயர்த்தபோது அவ்வீதியின் இருமருங்கிலுமிருந்த பள்ளங்களின் தடயங்கள் அடியில் வெளிப்பட்டன.

தெற்கே ஏ303 நெடுஞ்சாலை இன்றும் கற்களின் பார்வைக்குள்ளேயே ஓடுகிறது. அதனைச் சுரங்கத்துக்குள் இறக்கும் திட்டத்தை 2024இல் பிரிட்டிஷ் அரசாங்கம் செலவு கருதிக் கைவிட்டது.