கரைந்தவர்களா, ஊருக்கு உரியவர்களா? பெங்களூருத் திகளரின் வீரகுமாரர் கதை

பெங்களூருத் தமிழரைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு பாகுபாடு கேள்விக்கு அப்பாற்பட்டதாகவே ஆகிவிட்டது. பழைய பேட்டைப் பகுதிக்கு வந்த தமிழர் கன்னடத்தில் கரைந்துவிட்டார்கள், கண்டோன்மெண்டில் குடியேறியவர்கள் கரையவில்லை என்பதே அது. முதல் வகைக்குத் திகளரையும், இரண்டாவதற்கு அல்சூர், சிவாஜிநகர்த் தமிழரையும் காட்டுவது வழக்கம். அளவுகோல் வீட்டுமொழி. கன்னடமும் தெலுங்கும் ஊடாடிய ஒரு தமிழைப் பேசிவந்த சமூகம் தலைமுறைதோறும் கன்னடத்தின் பக்கம் சாய்ந்தது, ஆகவே கரைந்தது. இதற்குத் துணைச் சான்றாகக் கரகத்தையும் சொல்வார்கள்: திகளரின் திருவிழா ஊரின் திருவிழாவாகிவிட்டதே, கரைதலுக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அந்தச் சான்று எதிர்த்திசையில்தான் பேசுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கரகத்தின் தோற்றத்துக்குத் திகளர் சொல்லும் கதையிலிருந்து தொடங்கலாம். பாரதப் போர் முடிந்து பாண்டவர் சொர்க்கம் நோக்கிப் போகும் வழியில் திரௌபதி மயங்கி விழுகிறாள். கணவர்கள் திரும்பிப் பாராமல் நடந்துவிடுகிறார்கள். கண்விழித்தவள் முன் திமிராசுரன் நிற்கிறான். அவள் ஆதிசக்தியாக உருக்கொண்டு, தன் உடலிலிருந்து வாளேந்திய வீரகுமாரர்களைப் பிறப்பித்து அவனை அழிக்கிறாள். வேலை முடிந்து அவள் புறப்படும்போது, போகவேண்டாம் என்று பிள்ளைகள் காலைப் பிடிக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை வந்து தங்குவதாக அவள் வாக்குக் கொடுக்கிறாள். அந்த வாக்கின் நிறைவேற்றமே சித்திரைப் பௌர்ணமிக் கரகம். வீரகுமாரர்களின் வழிவந்தோர் திகளர்.

முந்தைய ஆய்வுமரபு இக்கதையில் இல்லாததைத்தான் முதலில் கவனித்தது. காவிரி இல்லை, செஞ்சி இல்லை, தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டு வந்த பயணம் இல்லை. குடிபெயர்வை மறந்த சமூகத்தின் கதை இது என்று முடிவுகட்டினார்கள். லால்பாக் தோட்டத்துக்காக ஐதர் அலி காலத்தில் வந்தவர்கள் என்பது போன்ற வழக்குகள் மட்டுமே வரலாறாகக் கொள்ளப்பட்டன. வீரகுமாரர் கதை புராணக் கணக்கில் ஒதுங்கியது.

ஆனால் கதையில் பயணம் இல்லாமல் இல்லை. பயணம் செய்பவள் திரௌபதி, ஒவ்வோர் ஆண்டும். திகளர் இருந்த இடத்திலேயே இருந்து அவளை எதிர்கொள்கிறார்கள். வந்தவர், வரவேற்பவர் என்ற இரண்டு இடங்களில் இரண்டாவதை இக்கதை திகளருக்கு எடுத்துக்கொடுக்கிறது. இதை மறதி என்பதைவிட, ஊரின்மீது எழுதிக்கொண்ட உரிமைப் பத்திரம் என்பதே பொருந்தும். பத்திரத்தில் முந்தைய முகவரியைத் தேடிப் பயனில்லை.

சடங்கைக் கூர்ந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பௌர்ணமி இரவு, நள்ளிரவு கடந்தபின், பெண்கோலம் பூண்ட பூசாரி மல்லிகையால் கோபுரம்போல் உயர்த்திய கரகத்தைத் தலையில் ஏந்தித் திகளரபேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து வெளியே வருகிறார். கை அதைத் தொடக்கூடாது. சுற்றிலும் உருவிய வாள்களோடு வீரகுமாரர்கள், “கோவிந்தா” முழக்கம். விடியும்வரை பேட்டைத் தெருக்களின் கோயில்கள் ஒவ்வொன்றிலும் கரகம் நிற்கிறது, மற்றச் சாதியாரின் கோயில்கள் உட்பட. பேட்டை முழுவதையும் ஒரு சமூகம் ஓர் இரவில் தன் காலால் அளந்து முடிக்கிறது.

நீர்நிலைக் கதை இன்னும் அழுத்தமானது. சம்பங்கி ஏரி இன்று இல்லை. அது இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. ஏரிகளை நம்பிய திகளரின் தோட்டத் தொழிலும் நகரத்துக்குள்ளிருந்து மறைந்துபோனது. ஆனாலும் அரங்கத்தை ஒட்டி ஒரு சிறு குளத்தை விட்டுவைக்க வேண்டியிருந்தது, கரகச் சடங்கின் ஒரு பகுதி அங்கே நடந்தாக வேண்டும் என்பதால். சடங்குரிமையால் நிலத்தைக் காக்க முடியவில்லை என்போர் இந்தக் குளத்தையும் கணக்கில் கொள்ளட்டும்.

காட்டன்பேட்டையில் கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குச் செல்வதைப் பெங்களூரின் தனிச்சிறப்பான மத நல்லிணக்கமாக எழுதுவது நாளிதழ் மரபு. ஆய்வாளர் சிலரும் அதையே வழிமொழிந்து, திகளர் ஊரோடு கலந்ததன் அடையாளம் என்கிறார்கள். ஆனால் செஞ்சியை மையமாகக் கொண்ட திரௌபதி வழிபாட்டில் முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் காவல் வீரருக்கு ஏற்கெனவே இடம் உண்டு. வடதமிழகத்தின் பல திரௌபதியம்மன் கோயில்களில் அவரைக் காணலாம். தர்கா அந்த ராவுத்தரின் நேரடி வாரிசு என்று சொல்லத் துணியவேண்டியதில்லை. அம்மனுக்கு ஒரு முஸ்லிம் துணை தேவை என்ற எதிர்பார்ப்போடு வந்த வழிபாடு, பேட்டையில் அந்த இடத்துக்குரியவரைக் கண்டுகொண்டது என்று கருத மட்டும் நல்ல இடமிருக்கிறது.

இனி எதிர்ப்பக்கம். சிவாஜிநகரில் தர்மராஜா கோயில் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. கண்டோன்மெண்ட் தமிழரும் அதே தர்மராஜனைத்தான் கொண்டுவந்தார்கள். அவர்கள் தமிழையும் விடவில்லை. 1950இல் தமிழ்ச் சங்கம் கண்டார்கள். ஆனாலும் அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் ஆயத்தமான திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் காவிரிக் கலவரம் மூண்டு ஆயிரக்கணக்கான தமிழர் ஊரைவிட்டு ஓடினார்கள். 2000இல் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பனின் கோரிக்கைப் பட்டியலிலும் அந்தச் சிலை இடம்பெற்றது, யாருக்கும் உதவாத விதத்தில். கடைசியில் 2009 ஆகஸ்ட் 9 அன்று இரு மாநில முதல்வர்களும் சேர்ந்து நிற்க, நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்படும் என்ற ஏற்பாட்டின் பேரில்தான் அது திறக்கப்பட்டது. உருவிய வாள்களோடு இரவெல்லாம் தெருவை அடைத்துச் செல்லும் கரகத்துக்கு ஈடாக யாரும் எதையும் கேட்டதில்லை.

ஒரே தெய்வம், ஒரே வட்டார மூலம், ஆனால் இரு விளைவுகள். வேறுபாடு பண்பாட்டுச் சரக்கில் இல்லை, ஊர் கொடுத்த இடத்தில் இருக்கிறது. பேட்டையில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தொழிலோடு ஒரு சடங்குப் பங்கும் கிடைத்தது. 1809இல் தோன்றி 1947வரை பிரிட்டிஷார் கையில் இருந்த கண்டோன்மெண்ட், பட்டாளத்திலும் அதைச் சார்ந்தும் வேலை கொடுத்தது. ஊர்ப்பங்கு என்ற ஒன்று அதனிடம் கொடுப்பதற்கு இல்லை. அந்த இடைவெளியை அங்கே மொழி நிரப்பியது.

மொழி போனபின் தமிழ் அடையாளம் ஏது என்ற மறுப்பு எளிதில் எழும். பிரெஞ்சு ஆட்சியின் கீழ் ரீயூனியன் தீவுத் தமிழ் வழியினர் கிரியோல் பேசுவோராக மாறினார்கள்; பாண்டியாலே என்ற பெயரில் திரௌபதிக்குத் தீமிதிப்பதை மட்டும் விடவில்லை. மொழியை மட்டும் எண்ணுபவர்களின் கணக்கில் அவர்களும் வரமாட்டார்கள். வீரகுமாரர் கதை பிற்காலத்தது என்ற மறுப்போ இவ்வாதத்தைத் தொடவே இல்லை. உரிமை கோரும் கதைகள் பிற்பட்டே எழும்.

குடிக்கணக்கின் தாய்மொழிக் கேள்வி இங்கே போதாது. ஒருவரிடம் குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியைத்தான் அது கேட்கிறது. வீட்டில் தமிழ் பேசி, கன்னடத்தில் எழுதி, 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரை அந்தக் கேள்வி தமிழராகவே காட்டும். கன்னட இலக்கிய வரலாறு சிரித்துவிடும். மைசூர் ஐயங்கார்களைக் ‘கரைந்தவர்’ பட்டியலில் சேர்ப்பதற்கு முன், மேலுக்கோட்டையில் இன்றும் தமிழில் ஒலிக்கும் திவ்வியப் பிரபந்தத்தை ஓதும் உரிமை யாரிடம், எப்படி நிலைத்தது என்று அடுத்துத் தேடவேண்டும்.